ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு குறை

மூப்பர் பதவிக்கு இப்படி ஒரு நிபந்தனையை அந்தச் சபையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. வந்து ஆறு மாதம்கூட ஆகாத புதுப் போதகர், தன்னைவிட இருபது வயது மூத்தவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க நல்ல குணத்தை எல்லாரும் சொல்லிட்டாங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உங்ககிட்ட இருக்கிற ஒரு குறையைக் கொண்டு வாங்க. நீங்களா யோசிச்சு எழுதக் கூடாது. இன்னொருத்தர் வாயால வரணும்."

நம்மவர் சிரித்துவிட்டார். அவருக்குப் பிரேக் அண்ணன் என்றுதான் பெயர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவர் காலடியில் இன்னொன்று. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் குறையைச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர். "கண்ணாடியைப் பாரு! கிளட்ச்! உனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுப்பான்?" என்று அவர் போடும் சத்தம், மூடிய கதவைத் தாண்டி நடைபாதைக்குக் கேட்கும். கால் பழக்கம் வேறு விட்டுத் தொலைக்கவில்லை. டாக்டர் ஊசியை எடுத்தாலும், வீட்டில் பால் பொங்கி வந்தாலும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அதே மனிதர் சபையில் ஜெபிக்க எழுந்தால் வேறு ஆள். குரல் தழைந்து, கெஞ்சி, குழந்தையிடம் பேசுவது போல வரும். பலர் கைக்குட்டையைத் தேடுவார்கள். பதவி அவரைத் தேடி வந்ததே அந்தக் குரலால்தான்.

குறை தேடும் வேலையை அவர் ஆசையாகவே ஆரம்பித்தார். தன் முதுகு எப்படி இருக்கும் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் குறையை எனக்குக் காட்டும்" என்று உருகினார். பிறகு ஊரைக் கேட்டார். மூன்று முறை தேர்வில் தோற்ற மாணவர், அவருடைய பிரேக்கை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "உங்ககிட்ட என்ன சார் குறை!" என்றார். சபைச் செயலாளர், "நீங்க ரொம்ப நல்லவர், அதுதான் உங்க குறை" என்று உச்சி குளிர வைத்தார். மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எனக்கு வேலை கிடக்கு" என்றாள். அதையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். சில பேருக்குக் காது அப்படித்தான் அமைந்துவிடுகிறது.

சனிக்கிழமை மதியமும் கை வெறுமையாகத்தான் இருந்தது. ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். மேடையோரம் வரிசைகளைப் பார்த்தபடி போட்டிருந்த மேசையில் மைக்காரர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறவர்; பேச்சு குறைவு.

"நீங்க ஜெப நேரத்துல கண்ணை மூடுவீங்களா?" திடீரென்று தோன்றியதைக் கேட்டார் பிரேக் அண்ணன்.

"எப்படி மூடுறது? கண்ணை மூடினா மைக் ஊளையிடும்."

"அப்போ இத்தனை வருஷமா எங்க எல்லாரையும் பார்த்துட்டே இருக்கீங்க!"

மைக்காரர் அசடு வழிந்தார். "பார்க்கிறேன். வெளியில சொல்றதில்லை."

"என்னைப் பத்தி மட்டும் சொல்லுங்க. குறை ஏதாவது?"

மைக்காரர் ஒரு ஒயரை முழுதாகச் சுருட்டி முடித்தார். "குறையான்னு தெரியல அண்ணா. நீங்க ஜெபிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடிடுறாங்க. உங்க பொண்ணு மட்டும் மூடாது. முடியுற வரைக்கும் உங்களையே பார்த்துட்டிருக்கும். மூணு வருஷமா."

பிரேக் அண்ணனுக்கு ஒரே சமயத்தில் பெருமையும் கோபமும் வந்தன. அப்பா மேல் பாசம், சரி. ஆனால் ஜெபத்தில் கண் திறப்பதா? கடைசியில் குறை மகளுடையது என்றல்லவா ஆகிவிட்டது!

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே, "இங்க வா!" என்றார். பத்தொன்பது வயதுப் பெண். வண்டி பழக அப்பாவின் பள்ளியை விட்டு இரண்டு தெரு தள்ளி வேறொரு பள்ளிக்குப் போகிறவள். வந்து நின்றாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவரை, அந்த வாரம் முழுக்கக் கூடவே திரிந்த ஆவல் தடுத்தது.

"நான் ஜெபிக்கும்போது ஏன் கண்ணைத் திறந்துட்டு என்னையே பார்க்கிற?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கோபப்படக் கூடாது" என்றாள் மகள்.

"மாட்டேன். சொல்லு."

"அந்தக் குரல்ல நீங்க எங்ககிட்டப் பேசினதே இல்லப்பா. 'தயவு செய்து'ன்னு கேக்குறீங்க. 'மன்னிச்சிடுங்க'ன்னு சொல்றீங்க. பேசுறது யாருன்னு பார்க்கிறேன். அவர் நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லையே."

அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை. மனைவியைப் பார்த்தார், அவள் மறுக்கவில்லை. ஆண்டவர் நேரில் வந்து சொல்லுவார் என்று காத்திருந்தார். பதில் மூன்று வருடமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் போதகர், "குறை கிடைச்சுதா அண்ணா?" என்றார்.

"கிடைச்சுது தம்பி." மகள் சொன்னதை அப்படியே சொல்லி முடித்தார். "பதவி இப்போ வேண்டாம்."

"குறையைக் கொண்டு வரத்தான் சொன்னேன். சரி பண்ணிட்டு வரச் சொல்லலையே?"

"பதவி வந்தா சபையில இன்னும் நல்லா ஜெபிப்பேன். அதான் பயமா இருக்கு."

அன்று அவர் ஜெபிக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பயிற்சிக் காரின் சாவியை மகளிடம் நீட்டினார். மனைவி பின்னால் ஏறினாள். மகள் சாவியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பிரேக் அண்ணன் பக்கத்து இருக்கையில் ஏறி, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். முழங்கால் கதவில் இடித்தது.

முதல் திருப்பத்திலேயே வண்டி நடுச்சாலைக்குப் போனது. எதிரே ஒரு லாரி வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது; சத்தம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் தன் கால்களைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம்… இடது பக்கம் போறியாம்மா? தயவு செய்து."

வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. லாரி கடந்து போனது. பின்னிருக்கையில் மனைவி மூச்சு விட்டாள்.

மகள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். மூன்று வருடமாக மைக்காரர் கண்ட அதே பார்வை.

"ரோட்டைப் பாரும்மா" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நான்தான் பேசுறேன்."