ராஜா நலமாக இருக்கிறார்

அண்ணியின் நம்பரை அழுத்திவிட்டு நீலா போனைக் காதில் வைப்பதற்குள் வேறொரு அழைப்பு குறுக்கே வந்து விழுந்தது. காலையிலிருந்து இதே கதைதான். எடுத்தால், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நாகவள்ளி.

"நீலாக்கா, உமாபதி சார் உங்க வீட்லதான இருக்காரு? க்ரூப்புல போட்டிருக்காரே, ராஜா நெசமாவே போயிட்டாரா?"

"ஆமாம்மா. விடியக்காலம்."

"அடப்பாவமே. டிவில ஒண்ணும் சொல்லலியேக்கா. நாளைக்கு ஸ்கூல் லீவு விடுவாங்களா?"

நீலா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். தன் புருஷன் செத்ததற்கு ஷார்ஜா பள்ளிக்கூடம் ஏன் லீவு விட வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, போனைச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. நாகவள்ளி துக்கம் கேட்டது பக்கத்து தேசத்து மன்னருக்கு.

அந்த மன்னர் ஒரு வாரமாகப் படுக்கையில் இருந்தார். அரண்மனையிலிருந்து தினம் ஒரு வரி வரும்: மன்னர் தேறி வருகிறார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊரே ஓயாமல் பேசியது. மதுரையில் உட்கார்ந்திருக்கிற யூடியூப்காரன், மன்னரின் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவன் மாதிரி, எந்த மருந்து எந்தக் கையில் ஏறுகிறது என்று சொன்னான். அடுத்து யார், தங்கம் ஏறுமா, விசா கிடைக்குமா என்று ஆளுக்கொரு தலைப்பு. அவர்கள் குடியிருக்கும் அஜ்மானில், சூப்பர் மார்க்கெட்டில் பொன்னி அரிசி மூட்டை காலியாகிவிட்டது. மன்னருக்கும் பொன்னி அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

நீலாவின் கணவர் ரெங்கராஜ் கேட்டிருப்பார். துபாய் அல் குசைஸில் ஒரு அலுமினியக் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். நண்பர்களுக்கும் ஊருக்கும் அவர் ராஜா. முந்தாநாள் மதியம் கோடவுனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இன்று விடியற்காலை ஐ.சி.யு.வில் போய்விட்டார். கதவுக்கு வெளியே நின்ற நீலாவையும் மகள் மஹதியையும் உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அழுவதைக்கூட அதற்குப் பிறகு வைத்துக்கொண்டிருந்தாள். ஊரில், அருப்புக்கோட்டைப் பக்கம், ரெங்கராஜின் அக்கா ராக்கம்மா அண்ணிக்குச் சொல்ல வேண்டும். தாயில்லாத தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவர் அவர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. சர்க்கரை வியாதி வேறு. யாரோ ஒருவன் தெருவில் நின்று கத்தி அவருக்குத் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டு அருணாவைத் துணைக்கு உட்கார வைத்து, நெஞ்சு வலி என்று தொடங்கி, மெள்ள மெள்ள, தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்காகவே முந்தாநாள் ரத்தம் கொடுக்க வந்த கார்மேகத்திடம், "ஊருக்கு மட்டும் மூச்சு விட்ராத தம்பி, நான் சொல்லிக்கிறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். கார்மேகம் அதே ஊர்க்காரன், அல் குசைஸ் லேபர் கேம்பில் இருப்பவன். சரிக்கா என்றான்.

"உமாபதி அண்ணே," என்று கூப்பிட்டபடி ஹாலுக்கு வந்தாள். "நீங்க க்ரூப்புல என்ன போட்டீங்க?"

உமாபதி சோபாவில் இரண்டு போன்களோடு இருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவரும் ராஜாவும் வந்த புதிதில் ஒரே ரூமில், மேல் கட்டில் கீழ்க் கட்டிலில் கிடந்தவர்கள். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் கையில் போன் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவர்தான் உதாரணம். இந்த ஒரு வாரமாக 'அஜ்மான் தமிழ்ச் சொந்தங்கள்' க்ரூப்பில் மன்னரின் உடல்நிலையை வேளைக்கு வேளை போட்டுக்கொண்டிருந்தார். மன்னர் என்று டைப் அடிக்கச் சோம்பல்பட்டு, ராஜா என்றே போட்டார். ராஜா கண்ணைத் திறந்தார். ராஜா கஞ்சி குடித்தார். ராஜா யாருடனும் பேசவில்லை.

"ராஜா போயிட்டார், எல்லாருக்கும் சொல்லிடுங்கன்னு போட்டேன்மா," என்றார் உமாபதி. "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, அவசரத்துல…"

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். நெற்றியில் கை வைத்தார். ரெங்கராஜ் அந்தக் க்ரூப்பை விட்டுப் போன வருஷமே விலகியிருந்தார். காரணம், உமாபதியின் ஃபார்வர்டுகள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததும் கார்மேகத்தைத் தவிர க்ரூப்பில் யாருக்கும் தெரியாது. அப்புறம் எந்த ராஜாவை நினைப்பார்கள்?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எல்லாருக்கும் சொல்லச் சொன்னாரே, சனங்கள் சொல்லிவிட்டார்கள். புஜைராவுக்குப் போயிருந்தது, மஸ்கட்டுக்குப் போயிருந்தது, மதுரை யூடியூப்காரன்கூட 'சற்றுமுன்' என்று சிவப்புப் பட்டை போட்டுவிட்டான்.

மஹதி உமாபதியின் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "அம்மா, எல்லாரும் ரெஸ்ட் இன் பீஸ் போட்டிருக்காங்க. அப்பாக்கு இல்ல. கிங்குக்கு." அவள் அடுத்ததைத் தள்ளினாள். "இதக் கேளு. 'தங்கமான மனுஷன். கை நிறைய அள்ளிக் கொடுத்தவர்.' இன்னொண்ணு. 'அவர் இருந்தவரைக்கும் ஒருத்தர் வயித்துல அடிச்சதில்ல.'"

"அதெல்லாம் உங்கப்பாவுக்கும் பொருந்தும்," என்றாள் நீலா. "விடு."

பொருந்தாததும் வந்திருந்தது. அவரது ஒட்டகங்களை இனி யார் பார்ப்பார்கள் என்று ஒருத்தி கவலைப்பட்டிருந்தாள்.

அண்ணியின் நம்பரை நீலா மறுபடி அழுத்தினாள். லைன் பிஸி. அந்த வீட்டுப் போன் பிஸியாக இருந்து அவள் பார்த்ததில்லை. அருணாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அதற்குள் கம்பெனியில் பேப்பர் வேலை பார்க்கும் சேதுமாதவன் கூப்பிட்டார். திருச்சூர்க்காரர், உதவிக்கென்றே பிறந்தவர். "சேச்சி, நான் தூதரகத்துல நிக்கறேன். பாடியை அனுப்பற பேப்பர் இன்னைக்கே முடிக்கப் பார்க்கறேன். ராஜா போயிட்டாருன்னு எல்லாரும் பேசறாங்க. அது நெசமானா ஆபீஸ் எல்லாம் பூட்டிடுவாங்களாம். அப்புறம் மூணு நாள் கலாஸ், ஒரு வேலையும் நடக்காது."

"யாரு சொன்னா பூட்டுவாங்கன்னு?"

"எல்லாரும் சொல்றாங்க சேச்சி."

எல்லாரும். அந்த எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். போனை வைத்தபோது, தான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது நீலாவுக்கு உறைத்தது. அந்த மனுஷனை இன்னும் ரெண்டு நாளாவது இருக்க விடப்பா. இரண்டு நாளாகத் தன் புருஷனுக்காகக் கும்பிட்ட அதே வார்த்தைகள். முன்பின் பார்க்காத ஒரு ராஜாவுக்கு இப்போது அதைச் செலவழிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. அந்த மன்னர் வீட்டிலும் ஒருத்தி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. உடனே அதைத் தள்ளினாள். இன்றைக்கு அதற்கெல்லாம் இடமில்லை.

"அண்ணே, மொதல்ல அந்த க்ரூப்புல திருத்திப் போடுங்க. ரெங்கராஜ், நீலா வீட்டுக்காரர்னு முழுசாப் போடுங்க."

உமாபதி டைப் அடிக்க ஆரம்பித்தார். பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "போட முடியலம்மா. பூட்டிட்டான்."

"யாரு?"

"அட்மின். முரளிதரன்."

முரளிதரன் கணக்காளர். பொங்கல் விழாவுக்கு வசூலித்த பணத்தில் ஒரு திர்ஹாம் குறைந்தாலும் தூங்காதவர். வதந்தி பரப்பினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று எல்லாரையும்விட அவருக்குத்தான் பயம். அரண்மனை மறுப்பு வெளியிட்ட கையோடு உமாபதியின் செய்தியை அழித்து, க்ரூப்பில் வேறு யாரும் எழுத முடியாதபடி பூட்டி, தானே ஒரு அறிவிப்பும் போட்டிருந்தார். மஹதி அதை வாசித்தாள்.

'ராஜா போயிட்டார் என்று இன்று காலை வந்த செய்தி தவறானது. யாரும் நம்ப வேண்டாம். ராஜா நலமாக இருக்கிறார். அனைவருக்கும் இதைத் தெரியப்படுத்தவும்.'

நீலா மகளிடமிருந்து போனை வாங்கி முரளிதரனுக்குத் தானே அடித்தாள்.

"சொல்லுங்க உமாபதி சார். உங்களால எனக்கு பி.பி. ஏறிப் போச்சு. சி.ஐ.டி. வந்தா மொதல்ல அட்மினைத்தான் தூக்குவான், தெரியுமா உங்களுக்கு?"

"நான் நீலா பேசறேன். ரெங்கராஜ் வீட்லேருந்து. செத்தது என் வீட்டுக்காரர்."

"ஐயய்யோ. நம்ம ராஜா சாரா? மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது. எப்படி… ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்."

"வருத்தம் இருக்கட்டும். நீங்க போட்டதை எடுத்துட்டு, அவர் போயிட்டார்னு போடுங்க."

"போடறேன் மேடம். கண்டிப்பாப் போடறேன். இந்த மன்னர் விஷயம் கொஞ்சம் அடங்கட்டும், நாளைக்குக் காலைல…"

"ஏங்க, என் புருஷன் செத்துட்டார்னு சொல்றதுக்கு நான் யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்? அரண்மனைலயா?"

"அப்படி இல்ல மேடம். இப்பதான் ராஜா நல்லாருக்கார்னு போட்டிருக்கேன். மறுபடி ராஜா இல்லேன்னு போட்டா…"

"ராஜான்னு போடாதீங்க. ரெங்கராஜ்னு போடுங்க."

முரளிதரன் யோசித்தார். "அதுலயும் ராஜ் வருதே மேடம்."

நீலா போனை உமாபதியின் மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். மே மாதத்து அஜ்மான் குழாய், பச்சைத் தண்ணீரும் கொதித்தது. இருபத்தைந்து வருஷம் இந்த ஊரில் யாரிடமும் அதட்டிப் பேசாத மனிதர். செத்த அன்றைக்கு அவரால் ஊரே ரெண்டுபட்டுக் கிடக்கிறது, ஆனால் அவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும்தான் நீலாவுக்கு முதல் தடவையாக அழுகை பொங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடக்கினாள். அண்ணிக்குச் சொல்கிற வேலை இன்னும் முடியவில்லையே.

அடுப்பு மேடையில் இருந்த அவள் போன் அடித்தது. ராக்கம்மா அண்ணி.

"நீலா." குரல் கம்மியிருந்தது. ஆனால் அழுகிற குரல் இல்லை. "ஆத்தா, நீலா. எப்படித்தா இருக்கான் எந் தம்பி?"

நீலா ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

"நம்ம கார்மேகம் இருக்கான்ல, அவன் காலைல போனைப் போட்டு, மாமா நெஞ்சு வலியில போயிட்டாருன்னு சொல்லிட்டான்த்தா. எல்லாருக்கும் சொல்லச் சொல்லி எழுதியிருக்குன்னான். நான் தெருவுல விழுந்து கெடந்தேன். ஊரே கூடிப் போச்சு. அருணாதான் வந்து தூக்கி உக்கார வச்சா. இப்பத்தான் மறுபடி கூப்பிட்டு, தப்பாப் போச்சு ஆத்தா, நல்லாருக்காராம், பெரிய ஆபீசரே எழுதிப்புட்டாராம்னு சொல்லுதான். படிச்சும் காட்டுனான். ராஜா நலமா இருக்கிறார்னு."

நீலாவால் கார்மேகத்தின் மேலும் கோபப்பட முடியவில்லை. க்ரூப்பில் எத்தனையோ பேர் இருந்தும், உமாபதி எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். அவனையும் அடித்துத் திருத்திவிட்டார்கள்.

"இந்தா, கூடுன சனம் இப்பத்தான் கலையுது," என்றார் ராக்கம்மா. லேசாகச் சிரிக்கவும் செய்தார். "செத்துட்டான்னு பேச்சு வந்துட்டா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாக. அவனுக்கு இனி நூறு வயசு. நெஞ்சு வலி எப்படி இருக்கு? பக்கத்துலதான் இருக்கானா? ஒரு வார்த்த பேசச் சொல்லுத்தா."

மஹதி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அத்தையின் குரல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சொல்லு என்பது போலவும் சொல்லாதே என்பது போலவும் அம்மாவைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியதுதான். மூன்று வார்த்தை. ஆனால் நீலாவுக்கு ராக்கம்மாவைத் தெரியும். புருஷன் செத்தபோது, அவரைத் தூக்குகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர். ரெங்கராஜின் உடலை இங்கிருந்து ஏற்றி, ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று சேதுமாதவனுக்கே தெரியாது.

"அண்ணி," என்றாள் நீலா. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிட? காலைலேர்ந்து பட்டினி. உசுரே கையில இல்ல. இப்பத்தான் அருணா சோறு கொண்டாந்து வச்சிருக்கா."

"மொதல்ல சாப்பிடுங்க. மாத்திரை போட்டுக்கங்க."

"அவன்ட்ட ஒரு வார்த்த…"

"நான் எங்கயும் போகல அண்ணி. போனை அப்படியே பக்கத்துல வைங்க. சாப்பிட்டு முடிச்சிட்டு என்கிட்ட பேசுங்க."

"செரித்தா," என்றார் ராக்கம்மா. தம்பி பெண்டாட்டியிடம் அவர் இவ்வளவு சுலபமாக எதற்கும் இணங்கியதில்லை.

போனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஹாலில் இன்னொரு போன் அடித்தது. உமாபதி அதை எடுத்து, தாழ்ந்த குரலில், இல்லைங்க, மன்னர் நல்லாத்தான் இருக்கார் என்று யாருக்கோ சொன்னார். மஹதி போய் அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

நீலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அங்கே தட்டு நகர்ந்தது. ரசம் ஊத்தவா ஆத்தா என்று அருணா கேட்டாள்.

"ஊத்து," என்றார் ராக்கம்மா. "இன்னும் ஒரு கை சோறு வையி."