பிரிக்காத கடிதங்கள்

வரதராஜாவின் கைக்குக் கண் இருக்கிறது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். மெல்பேர்னின் தென்கிழக்குப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற பெரிய தபால் கூடம் அது. இயந்திரம் வாசிக்க முடியாமல் துப்பிவிடுகிற உறைகள் அவர் மேசைக்குத்தான் வரும். கோணல் எழுத்தோ, மழையில் கரைந்த மையோ, எதுவானாலும் ஒரு பார்வை பார்த்து உரிய பெட்டியில் போட்டுவிடுவார். ஒன்பது வருடத்தில் அவர் கையால் ஒரு கடிதம்கூட வழி தவறியதில்லை.

அப்படிப்பட்டவர், டாண்டினோங் புறநகரில் உள்ள தன் வீட்டுக்கு வருகிற கடிதத்தை மட்டும் பிரிக்கமாட்டார். கலியாண அழைப்பு, கோயில் கொடியேற்ற அறிவித்தல் என்றால் உடனே பார்ப்பார். கண்ணாடித்தாள் பதித்த நீள உறை வந்தால், தொலைக்காட்சிக்குக் கீழேயுள்ள லாச்சியை இழுத்துப் பழைய கசெட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விடுவார்.

2006 ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அவர் மனைவி இரஞ்சிதம் அந்த லாச்சியை இழுத்தார். வீடு வாங்கக் கடன் கேட்டிருந்தார்கள். வங்கி வரதராஜாவின் சம்பளத் துண்டுகளைக் கேட்டிருந்தது. துண்டுகள் கிடைக்கவில்லை. பிரிக்காத உறைகள் பதினொன்று கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பாதி மடித்தபடி நீதிமன்றத் தாள் ஒன்று.

"இது என்னப்பா?"

வரதராஜா தாளைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "அது ஒண்டுமில்லை. உம்மட கண் ஒப்பரேசன் அண்டைக்குக் கார் விட்ட இடத்தால வந்தது. ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான் ரிக்கற் எடுத்தனான். டொக்டர் பிந்திப்போட்டார். திரும்பி வரக் கண்ணாடியில ஒரு தண்டத் துண்டு கிடந்தது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கதிர்காமநாதனைக் கேட்டனான். அது நகரசபைக் கவுன்சில் இல்லை, பிரைவேட் கொம்பனி, கிழிச்சு எறியும் எண்டார்."

கதிர்காமநாதன் அடுத்த தெருவில் இருக்கும் நண்பர். எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். கம்பனி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டபோதும் அதே பதில்தான் சொன்னார். பிறகு ஒரு நாள் ஒருவன் வாசலில் வந்து பெயரைக் கேட்டு, இந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதுவும் லாச்சிக்குள் போயிற்று.

இரஞ்சிதம் கதிரையில் அமர்ந்து, ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் அகராதி பார்த்துத் தாளை வாசித்து முடித்தார். கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் மறுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், இவர்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படலாம். பதினேழு நாட்கள் போய்விட்டன. கடனுக்கு விண்ணப்பித்த நேரத்தில் பெயருக்கு எதிராக ஒரு தீர்ப்பு விழுந்தால், எந்த வங்கி நம்பும்?

அவர் சத்தம் போடவில்லை. "ஊருக்கெல்லாம் கடிதம் பிரிச்சுக் குடுக்கிறியள். எங்கட வீட்டுக் கடிதத்தைப் பிரிக்கேலாதோ?" என்று மட்டும் கேட்டார்.

வரதராஜா லாச்சியைத் தள்ளி மூடினார். பிறகு, இருபது வருடத் தாம்பத்தியத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "ஊரில, சண்டை நேரம், என்ர அண்ணைக்கும் இப்படி ஒரு கடிதம்தான் வந்தது. பொலிசுக்கு வந்து ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போகச் சொல்லி. பிரிச்சு வாசிச்சுக் காட்டினது நான்தான். போட்டு வாறன் எண்டு போனவர்."

அந்த அண்ணன் திரும்பி வரவில்லை என்பது இரஞ்சிதத்துக்குத் தெரியும். கடிதத்தை வாசித்தது யாரென்பது தெரியாது. எழுந்து வந்து கணவரின் தோளில் கை வைத்தார். "இது அந்த ஊர் இல்லையப்பா. திங்கட்கிழமை ரெண்டு பேருமாப் போவம்."

திங்கள் மாலை, நூலகத்தின் பின்னறையில் இலவசச் சட்ட உதவி நடந்தது. அங்கே இருந்த வழக்கறிஞர் கலா, ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். பதினொரு உறைகளையும் அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிப்படி மேசையில் பரப்பினார்.

வரதராஜா தயங்கித் தயங்கிக் கேட்டார். "கார் ஓட்டினது நானில்லை எண்டு எழுதலாமோ? ஒரு சிநேகிதர் சொன்னவர்."

"யாருண்ணே ஓட்டினது?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான்னு எழுதுங்க. கோர்ட்ல பொய் எழுதினா, சின்ன விஷயம் பெரிய விஷயமாயிடும். அம்பது நிமிஷம் லேட்டாச்சா? ஆச்சுன்னு ஒத்துக்குங்க. அந்த அம்பது நிமிஷத்துக்கு உள்ள காசைக் கட்டறேன்னு சொல்லுங்க. ஆனா அவங்க கேக்கறது அதுக்குப் பல மடங்கு. அவ்வளவு நஷ்டம் எப்படி வந்துச்சுன்னு அவங்கதான் காட்டணும். அபராதம் போட அவங்க அரசாங்கம் இல்லையே."

"நான் அவையளைக் கேள்வி கேக்கலாமோ?" வரதராஜா உண்மையாகவே வியந்துபோனார்.

"கேக்கலாமே. உங்க பதிலக் கேக்கத்தானேண்ணே இந்தக் கடுதாசியே வந்திருக்கு."

அன்றே மறுப்பை எழுதினார்கள். மறுநாள், கண் மருத்துவமனையில் சிகிச்சை பிந்தியதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வரதராஜா தனியாகவே நீதிமன்றத்துக்குப் போனார். உள்ளே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தாளை வாங்கினாள், முத்திரை குத்தினாள், ஒரு பிரதியைத் திருப்பித் தந்து, "நல்ல நாளாக இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்து ட்ராம் தரிப்பில் உட்கார்ந்தவருக்கு ஏனோ கண் கலங்கியது. போன இரண்டு ட்ராம்களிலும் அவர் ஏறவில்லை.

ஒரு மாதத்தில் கம்பனியின் வழக்கறிஞரிடமிருந்து உறை வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தார். பிந்திய நேரத்துக்கான கட்டணத்தைக் கட்டினால் வழக்கைக் கைவிடுவதாக எழுதியிருந்தது. அன்றே கட்டினார்; பெயருக்கு எதிராகத் தீர்ப்பு எதுவும் விழவில்லை.

செய்தி கேட்டுக் கதிர்காமநாதன் வந்தார். வழமையான கலகலப்பு இல்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் இப்படி ஒரு கோர்ட் தாள் வந்தது வரதன். வைகாசியில. உமக்குச் சொன்ன மாதிரித்தான் நானும் எறிஞ்சனான். இப்ப தீர்ப்பாம். சம்பளத்தில பிடிப்பினமாம். மனிசிக்கு இன்னும் தெரியாது."

வரதராஜா அவரைக் குற்றம் சொல்லவில்லை.

"தீர்ப்பு வந்தாலும் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேக்க வழி இருக்காம். திங்கட்கிழமை நூலகத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். முதல் இண்டைக்கு வீட்டை போய் மனிசிக்குச் சொல்லும்."

"நான் ஒண்டுமே கதைக்கேல்லையே வரதன். நான் எதையும் ஒத்துக்கொள்ளேல்லையே."

"அதுதான் பிழை," என்றார் வரதராஜா. "மௌனம் சம்மதம் எண்டு பொம்பிளை பாக்கிற வீட்டில மட்டும்தான் சொல்லுறது எண்டு நினைச்சிருந்தம். கோர்ட்டிலயும் அதுதான். பயந்து மூடி வைச்ச கடிதம் எங்களுக்காக ஓம் எண்டு சொல்லிப்போடும். பிழை எங்களிலயோ அவையளிலயோ, முதல் பிரிச்சு வாசிக்க வேணும். நாள் தவறாமல் உண்மையை எழுதிப் பதில் குடுக்க வேணும்."