சீசன் விருந்தும் என் கம்ப்யூட்டரும்

குற்றாலச் சீசனை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாரல், குளுகுளு காற்று என்று ஆளாளுக்கு உருகுவார்கள். தென்காசியில் வீடு வைத்துக்கொண்டு, அருவிக்கு வருகிற சொந்தங்களுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டால் தெரியும். காயாத துண்டுகளின் முடை நாற்றமும் தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும்தான் எனக்குச் சீசன். அதிலும் எண்பத்தாறாம் வருடச் சீசனை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கொழுந்தனார் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் தில்லைநாயகம் தம்பியிடம் கேட்டது வீடியோ டெக். வந்ததோ பரீட்சை அட்டையை விடச் சிறிய ஒரு கறுப்புப் பெட்டி, அதன் மேல் ரப்பர் பொத்தான்கள். டிவியில் மாட்டினால் ஒரே ஒரு வரி இங்கிலீஷைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். இவர் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிய எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்று பீரோ மேல் தூக்கிப் போட்டார்.

நான் இறக்கினேன். பி.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு மாவாட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கூட வந்த புத்தகம் ஒன்று போதுமாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளையில் முதல் வரிக்குப் பத்து என்று நம்பர் போட வேண்டும், அடுத்ததற்கு இருபது. அப்படித்தான் தொடங்கினேன்.

அதைப் போல எரிச்சல் பிடித்த சாமானை நான் கண்டதில்லை. கரண்டு கண்ணை மூடித் திறந்தால் அடித்ததெல்லாம் போச்சு. எழுதினதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பாட்டு கேட்கிற டேப் ரிக்கார்டரில், பாட்டு கேசட்டில்தான் பதிய வேண்டும். அதைப் போட்டுக் கேட்டால் காது கூசுகிற கிறீச்சல் மட்டும்தான் வரும். மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றும்போது டேப்பின் சத்தம் ஒரு நூல் கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. டிவியின் ஓரத்தில் கோடு கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனையோ நாள் அதைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று வந்திருக்கிறது. ஆனால் ஏறிவிட்டால், நான் எழுதினது அப்படியே ஓடும்போது, வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள். அதை யாரிடம் சொல்ல?

இலத்தூர்ப் பக்கம் பால்வண்ணநாதன் என்பவர் புதிதாக மெட்ரிகுலேஷன் பள்ளி ஆரம்பித்திருந்தார். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, நான் வருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்து ஏதாவது செய்துகாட்டட்டும் என்று பதில் வந்தது. "அவங்களே வேலை தந்தா போ. கெஞ்சிக்கிட்டு நிக்காத" என்றார் இவர். இந்த வீட்டில் எனக்கு அதற்கு மேல் அனுமதி கிடைக்காது. இதை விட்டால் காலம் பூராவும் மாவுதான்.

நான் செய்து வைத்திருந்தது பள்ளிக்கூட டைம்டேபிள். ஒரு டீச்சருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழாது. சாப்பிட்ட கையோடு டிரில் பீரியட் வராது. ஒரு டீச்சர் லீவு என்று அடித்தால் மொத்தமும் தானே கலைந்து, தானே அடுக்கிக்கொள்ளும். முதல் தடவை அது சரியாக அடுக்கினபோது ஆளில்லாத வீட்டில் நான் கைதட்டினேன். கேசட்டின் இரண்டு பக்கமும் பதிந்து, மேலே 'டைம்டேபிள்' என்று ஒட்டி, வேறு எதுவும் பதிய முடியாதபடி அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளையும் உடைத்துவிட்டேன். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

அந்த வாரம் பார்த்து மதினியும் சங்கரபாண்டி அண்ணாச்சியும் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கினார்கள். மதினி இவருக்கு அக்கா. அண்ணாச்சி அவள் வீட்டுக்காரர், நல்ல மனுஷர். அவருடைய நல்ல குணம்தான் எனக்கு எமனாக வந்தது. டிவியின் சூட்டில் காயட்டும் என்று ஜட்டியை அதன் மேல் விரிப்பார். தலையில் எண்ணெய் வழிய வழிய வந்து, "இதுல பாட்டு வருமா தங்கச்சி?" என்று ரப்பர் பொத்தான்களை அமுக்கிப் பார்ப்பார். நான் துடைப்பேன். மறுபடி அமுக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கையில் அவர் டேப் ரிக்கார்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினார். பாட்டுக் கேட்கத்தானே என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் எல்லாம் அதது இடத்தில் இருந்தது. ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றால், சாயங்காலம் டிவியில் சினிமா. வீடு முழுக்க ஆள். டிவி எனக்குக் கிடைக்கவில்லை.

திங்கள் காலை பால்வண்ணநாதன் அறையில் கலர் டிவி இருந்தது. கம்ப்யூட்டரை மாட்டி, கையோடு கொண்டுபோன டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்த்த கோடுகள் சிவப்பும் நீலமுமாக ஓடின. அழகாகத்தான் இருந்தது. ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அதே கதை. டேப்பில் என்னதான் வருகிறது என்று கேட்க, கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை டேப்பிலிருந்து உருவினேன்.

அறை முழுக்க 'ஓ'வென்று இரைச்சல். அதற்கு நடுவில் அண்ணாச்சியின் குரல்.

"ஏ தங்கச்சி குழல்வாய்மொழி! ஒன் கேசட்டு ஈரத்துல கெட்டுப்போயி கிறீச்சு கிறீச்சுனு கத்துது. அதான் அண்ணாச்சி ரெண்டு பக்கமும் ஐந்தருவியப் பிடிச்சிருக்கேன். சீசன் இல்லாத நாளையிலயும் போட்டுக் கேளு, என்ன!"

எனக்கு அதற்கு மேல் கேட்கச் சகிக்கவில்லை. ஒயரை மறுபடி சொருகினேன். குரல் நின்று கோடுகள் ஓடின.

பால்வண்ணநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் குனிந்தார். "அம்மாடி! அருவிச் சத்தத்த இந்தப் பெட்டி கோடாக்கிக் காட்டுதா? தண்ணி விழுகுத மாதிரியே ஓடுதே!"

"இல்ல சார். இது தப்பாப் போன டேப். நான் டைம்டேபிள் ஒண்ணு செஞ்சிருந்தேன். டீச்சர் லீவு போட்டாக்கூட அதுவா..."

"டைம்டேபிள எங்க ஹெட்மாஸ்டர் போட்டுக்கிடுவாரும்மா. இது பெத்தவங்க வந்து பாத்தா அசந்துருவாங்க. ரொம்ப அடக்கமாப் பேசுதிய. நாளையிலயிருந்து வந்திருங்க."

நான் இன்னும் இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் ஐந்தருவிதான் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டேப்பக் கேட்டியா?"

"மேல டைம்டேபிள்னு எழுதியிருந்ததப் பாக்கலியா அண்ணாச்சி?"

"பாத்தேன். டைம்டேபிள எவனாவது டேப்புல பிடிப்பானா? பிள்ளைங்க வெளயாட்டுக்கு எழுதியிருக்கும்னு நெனச்சேன். மூடி வேற ஒடஞ்சு கெடந்துச்சு. வேட்டி ஓரத்தக் கிழிச்சு அடைச்சுப் பதிஞ்சேன்."

பெருமையாகச் சொன்னார். வேலை கிடைத்தது என்று கேட்டதும் மதினியைக் கூப்பிட்டு, "எல்லாம் நம்ம டேப்பாலதான்" என்றார். மத்தியானத்துக்குள் தெருவுக்கே சொல்லிவிட்டார். இவரும் சிரித்தபடி, "அத்தான் ராசி" என்றார். என் ராத்தூக்கத்தைத் தின்று வளர்ந்த டைம்டேபிளைப் பற்றி அந்த வீட்டில் ஒருத்தர் வாயிலும் ஒரு வார்த்தை இல்லை. கையில் கிடைத்த வேலை எச்சில் இலை மாதிரி இருந்தது. ஆனால் வேண்டாமென்று எறிய நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிப் போட்டுவிட்டு, டிவியின் மேல் கிடந்த ஜட்டியை ஒரு குச்சியால் எடுத்துக் கீழே போட்டேன். கம்ப்யூட்டரை மாட்டி உட்கார்ந்தேன்.

"வேலதான் கெடச்சிட்டே. இனி எதுக்குட்டி அதப் போட்டுத் தட்டுத?" என்றார் இவர்.

"அந்த டைம்டேபிள் ஓடுனத நான் ஒருத்திதான் பாத்திருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அண்ணாச்சி அடுத்த குளியலுக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வந்து, "நம்ம அருவிய ஒருக்கா போடேன்" என்று விரலை நீட்டினார்.

"கைய எடுங்க அண்ணாச்சி."

அந்த வீட்டில் என் குரல் அப்படி வந்ததில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். பொத்தானில் இருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தேன். பிறகு முதல் வரிக்குப் பத்து என்று அடித்தேன்.