வாயு என்று ஏகமனதாகத் தீர்மானம்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் ஓட்டெடுப்பு நடக்கும். நடத்துபவர் என் கணவரின் அண்ணன். ஒரு காலத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். பதவி போய்விட்டது, கை தூக்கச் சொல்லும் பழக்கம் போகவில்லை. மனசுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் சபாநாயகர். நோயாளிக்கு மட்டும் ஓட்டு கிடையாது. வலியில் இருப்பவர்களுக்கு நடுநிலைமை இருக்காதாம்.

எனக்கு வலது விலாவில் குத்தல் ஆரம்பித்தபோதும் சபை கூடியது. அதற்கு முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சலும் இருமலும். அதோடுதான் கோட் தைக்கும் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் மூச்சை உள்ளே இழுத்தால் போதும், கோணி ஊசியை இறக்கின மாதிரி வலி. இருமினால் வலி, தும்மினால் வலி, சிரித்தாலும் வலி. சிரிப்பை மட்டும் அந்த வீட்டில் சுலபமாகத் தவிர்க்க முடிந்தது.

"வாயுதான். சாப்பிட்டதும் போய்ப் படுத்தா இல்ல?" என்றார் அத்தை.

"மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு சுளுக்கிக்கிச்சு," என்றாள் ஓரகத்தி.

என் கணவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் கலந்து இருக்கலாம்," என்றார். அம்மாவிடமும் அண்ணியிடமும் ஒரே வாக்கியத்தில் நல்ல பெயர் வாங்குவதில் அவர் கெட்டிக்காரர்.

"மூச்சு இழுக்கும்போதுதான் வலிக்குது. டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். மேலே பேச மூச்சை இழுக்க வேண்டும், இழுத்தால் குத்தும். அந்த இடைவெளியில் சபாநாயகர் புகுந்துவிட்டார்.

"வாயுன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

நான்கு கைகள். ஓரகத்தி சுளுக்கைக் கைவிட்டுக் கட்சி மாறியிருந்தாள்.

அத்தை வாயு மருந்தைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். தோற்றுப்போன சுளுக்கின் மேல் பாசம் விடாத ஓரகத்தி, தைலத்தைப் போட்டுத் தோல் உரியத் தேய்த்தாள். சபாநாயகர் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சில நாளில் வலி நின்றுவிட்டது. வீடே அமர்க்களப்பட்டது.

"என் மருந்துதான்," என்றார் அத்தை. "தைலம் தேய்ச்ச கை யாரோடது?" என்றாள் ஓரகத்தி. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். யாரால் குணமானேன் என்பதற்கும் ஓட்டெடுப்பு வைத்து, அது இழுபறியில் நின்றது.

வலி இல்லை என்பது உண்மை. ஆனால் குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சொல்ல வாயெடுத்தால் பாதி வாக்கியத்தில் காற்று தீர்ந்துபோகும். பாதி வாக்கியத்தை எந்தச் சபையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான் செத்தாலும் இவர்கள் கை தூக்கியே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

வேலைக்குப் போன முதல் நாள், கடைப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். கடையில் அவரைவிடச் சிடுமூஞ்சி கிடையாது.

"ஏம்மா, படியில உக்காந்து யாருக்குக் காவல் காக்குற?"

"மூச்சு..." என்றேன். அவ்வளவுதான் வந்தது.

என் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தார். "இங்க ஏதாவது ஆகித் தொலைச்சா அத்தனை கோட்டையும் யாரு முடிக்கிறது?" என்று திட்டிக்கொண்டே டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

அங்கே டாக்டரம்மா என் முதுகில் விரலை வைத்துத் தட்டினார். இடது பக்கம் காலி டப்பா மாதிரி கேட்டது. வலது பக்கம் நிரம்பின டப்பா மாதிரி மந்தமாகக் கேட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"நுரையீரல் மேல ஒரு மெல்லிசான உறை இருக்கு. விலாவுக்கு உள்பக்கம் இன்னொண்ணு. உங்களுக்கு நிமோனியா வந்து, அந்த உறையும் வீங்கிடுச்சு. ப்ளூரிசின்னு பேரு. மூச்சு இழுக்கும்போது ரெண்டும் உரசும், அதான் அப்படிக் குத்தியிருக்கு."

"அப்புறம்... வலி... போயிடுச்சே?"

"நடுவுல தண்ணி கோத்துக்கிச்சு. அதனால உரசல் நின்னுது. ஆனா நுரையீரல் விரிய இடமில்ல. வலி போனது குணமாகி இல்லம்மா, முத்திப்போய்."

அத்தையும் ஓரகத்தியும் எந்தப் பரிசுக்காக அடித்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

முதுகை மரத்துப்போகச் செய்து, ஊசி வழியாகத் தண்ணீரை எடுத்தார்கள். தெளிவாக இல்லை, கலங்கின மஞ்சள் நிறத்தில் பாட்டில் நிறைய இறங்கியது. இறங்க இறங்க எனக்கு இருமல் வந்தது, காற்று வந்தது. கூடவே அந்தப் பழைய குத்தலும் வந்தது. விலகியிருந்த உறைகள் மறுபடி தொட்டுக்கொள்கின்றன, மருந்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. ஆனால் நான் அங்கேயே தங்க வேண்டும், பாதியில் போனால் சீழ் பிடிக்கலாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சாயங்காலம் குடும்பம் வந்து கட்டிலைச் சுற்றி நின்றது.

"வலிக்குதா?" என்றார் அத்தை. ஆமென்று தலையாட்டினேன்.

"பாத்தீங்களா! நாம வலியில்லாம அனுப்பினோம். இவங்க வலியை வரவழைச்சுட்டாங்க!"

சபாநாயகர் தொண்டையைக் கனைத்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

மூன்று கைகள் உடனே எழுந்தன. என் கணவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவர் கையும் பாதி எழுந்தது.

நான் மூச்சை இழுத்தேன். அடிவரை போனது. சுருக்கென்று குத்தி, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் ஒரு முழு வாக்கியத்துக்கான காற்று உள்ளே இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

"எல்லாரும் கையைக் கீழ போடுங்க. மூச்சு விடுறது நான், டாக்டர் அனுப்புற வரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு எறங்க மாட்டேன்."

என் கணவரின் கைதான் முதலில் இறங்கியது. தலையைச் சொறியத்தான் தூக்கினாராம்.