தொற்காளின் பேறுகாலப் பத்தியம்

நாய் குட்டி போட்டிருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏசம்மாளுக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். "குட்டி போட அவ என்ன ஆடா மாடா? தொற்காள் பிள்ள பெத்திருக்கா" என்பாள். மடவார் வளாகத்துத் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அவள் வீட்டில் பேறுகால மருந்து வாசம் அடித்து இருபது வருஷமாகிவிட்டது. இப்போது மறுபடி அடிக்கிறது. அதற்கு ஊரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

தொற்காள் வந்த கதை சின்னக் கதைதான். ஏசம்மாளின் புருஷன் எலியேசர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் ஓட்டுகிறவன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி விட்டிருந்தார்கள். ஓட்டுவதில் பாதி நேரம், அடுப்பை ஊதுவதில் மீதி நேரம். ராஜபாளையத்தில் தோட்டத்தை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குப் புறப்பட்ட, தெலுங்கு பேசும் ராஜு வகுப்புக்காரர் ஒருவர், தன் வெள்ளை வேட்டை நாயைப் பஸ்ஸிலேயே ஏற்றி, "மஞ்சி குக்க, எலியேசரு. நல்ல நாய். சினையா வேற இருக்கு. உன் வீட்டுல இருக்கட்டும்" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

பெயர் வைத்தவள் ஏசம்மாள். தொற்காள் என்றால் பெண்மான் என்று கோயில் உபதேசியார் எப்போதோ சொன்னது ஞாபகத்தில் இருந்தது. வேதத்துப் பெயரை நாய்க்கு வைப்பதா என்று அதே உபதேசியார் முகம் சுளித்தபோது, "மான் மாதிரி ஓடுதா இல்லையான்னு நீங்களே வந்து பாருங்கய்யா" என்றாள். அவர் வந்து பார்க்கவில்லை.

தொற்காள் ஐந்து பெற்றாள். அதே வாரம் பக்கத்து வீட்டு மைமூனின் மகள் ஆரிபாவும் தாய்வீட்டில் ஆண்பிள்ளை பெற்றாள். ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு பேறுகாலம். இந்தப் பக்கம் உரலில் சுக்கு இடித்தால் அந்தப் பக்கம் மிளகு இடிபடும். நல்லெண்ணெய் இங்கிருந்து போகும், கருப்பட்டி அங்கிருந்து வரும்.

"நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்ச கதையா இருக்கே ஏசம்மா!" என்று மைமூன் சுவருக்கு மேலே எக்கிப் பார்த்துச் சிரிப்பாள்.

"என் பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டியாச்சு. ஒன் பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு?" என்று ஏசம்மாள் திருப்பிக் கொடுப்பாள். இருவருக்கும் பொழுது போனதே தெரியவில்லை.

எலியேசர்தான் மெல்ல இழுத்தான். "கம்பங்கூழுல மோர ஊத்திக் குடுக்கணும்னாரு ராஜு. வாரத்துக்கு ஒருக்கா ஆட்டுக்குடல் அவிச்சுப் போடணுமாம். தொட்டி நெறையத் தண்ணி கெடக்கணுமாம்."

"அதெல்லாம் வேட்டைக்குப் போற நாளைக்கு. பச்ச உடம்புக்குக் கூழும் மோரும் குடுத்தா சன்னி கண்டுராதா? ஒங்களுக்கு பஸ்ஸத் தவிர என்ன தெரியும்?"

கரி அடுப்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டு அடுப்போடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

ஏசம்மாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவளுடைய மாமியார் செல்லத்தாய் செய்தபடிதான். காலையில் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய மருந்து ஓர் உருண்டை. மதியம் பூண்டு போட்டு வற்றவைத்த குழம்பில் பிசைந்த சோறு. பால் ஊறுவதற்குச் சுறாக்கருவாட்டுப் புட்டு. தூத்துக்குடிக்காரன் ஒருவனிடம் சொல்லிவைத்து எலியேசர் வாங்கி வந்தது. வாசலில் சாக்குத் திரை. மூலையில் சாம்பிராணி. பச்சைத் தண்ணீர் மட்டும் ஆகாது. உடம்பு நீர் கோத்துக்கொள்ளும். ஓமம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒரு பாலாடை அளவு, அவ்வளவுதான். முற்றத்துத் தொட்டியைப் பலகை போட்டு மூடிவிட்டாள்.

மருந்தைக் கிண்டும்போது அந்த நாட்கள் அப்படியே திரும்பி வந்தன. அவளைப் படுக்கையை விட்டு இறங்க விடாமல் செல்லத்தாய் தாங்கிய தாங்கு! சொந்தத் தாய்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். மருந்து இடித்து இடித்து மாமியாருடைய உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "இன்னும் ஒரு உருண்ட, என் கண்ணுல்ல" என்று வாயில் ஊட்டுவாள். எலியேசர் அப்போது மீசை அரும்பிய பையன், சாக்குத் திரைக்கு வெளியே நின்று, "பிள்ள முழிச்சிருக்கா?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவிடம் வசவு வாங்குவான். ஏசம்மாளின் ஆயுசில் அவ்வளவு பேர் அவ்வளவு பிரியமாக அவளைச் சுற்றி நின்றது அந்தச் சில நாட்கள்தான். பிள்ளை தங்கவில்லை. அதற்கு முன்பே அவளுக்குப் பால் வற்றிவிட்டது. "நமக்குப் பால் பாக்கியம் இல்லட்டி" என்று செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு வயிறு திறக்கவே இல்லை. ஆனாலும் அந்த மருந்து வாசம் நினைவுக்கு வந்தால் ஏசம்மாளுக்கு முதலில் வருவது துக்கமில்லை, சந்தோஷம்தான். அதை யாரிடம் சொல்ல முடியும்?

தொற்காளுக்கு அந்தச் சந்தோஷம் புரியவில்லை. முதல் நாள் மரியாதைக்குத் தின்றாள். மறுநாள் பூண்டு வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருவாட்டுப் புட்டைத் தின்றுவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டு ஏசம்மாளையே பார்த்தாள். அதன் பிறகு குட்டிகள் ஓயாமல் கத்தத் தொடங்கின. முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தின. மடி துணிபோல் தொய்ந்து கிடந்தது.

ஏசம்மாள் பயந்துபோனாள். மருந்தை இரண்டு உருண்டையாக்கினாள். புட்டை அதிகமாக்கினாள். ஒரு விடியற்காலையில், எல்லாவற்றிலும் சிறிய குட்டி கத்தவில்லை. தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. அதை முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, மீதி நான்கையும் மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் எதற்கும் பால் சுரக்காது என்று ஆண்டவர் எழுதிவிட்டாரா?

மத்தியானம் எலியேசர் கரியும் புகையுமாக வந்து, வாளியில் தண்ணீர் மொண்டு கைகால் கழுவினான். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் உள்ளே கயிறு அறுந்த சத்தம். சாக்குத் திரையைக் கிழித்துக்கொண்டு தொற்காள் வந்தாள். கரி மிதக்கும் அந்த வாளிக்குள் தலையை விட்டாள்.

"ஐயோ, பச்சத் தண்ணி! பிடிங்க, பிடிங்க அவள! செத்துருவா!"

எலியேசர் கழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசைக்க முடியவில்லை. ஏசம்மாள் ஓடிவந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

தொற்காள் குடித்த குடி அப்படி. மூச்சு விடவில்லை. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. வாளி அடியில் நாக்கு தட்டிய பிறகும் தகரத்தை நக்கினாள்.

அப்படி நக்குவதை ஏசம்மாள் அறிவாள். சாக்குத் திரைக்குள் படுத்திருந்தபோது, பிள்ளையைத் துடைத்த ஈரத்துணியை யாரும் பார்க்காத நேரம் அவள் அப்படித்தான் நக்கினாள். "மாமி, ஒரு வாய் தண்ணி" என்று எத்தனை தரம் கேட்டாள்! "நீ நல்லா இருக்கணுமேட்டி" என்று செல்லத்தாயும் அழுதுகொண்டேதான் மறுத்தாள். இருபது வருஷமாக மருந்து வாசம் ஞாபகத்தில் இருந்தது. தாகம் மறந்து போயிருந்தது.

அவள் போய்த் தொட்டிமேல் கிடந்த பலகையைத் தூக்கி எறிந்தாள்.

அன்று கம்பங்கூழ் கரைத்தாள், மோர் ஊற்றினாள். தொற்காள் கூழைக் குடித்து, தண்ணீரைக் குடித்து, திரும்பவும் தண்ணீரைக் குடித்தாள். சன்னி வரும், இப்போது வரும் என்று ஏசம்மாள் பக்கத்திலேயே காத்திருந்தாள். சன்னி வரவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் குட்டிகளின் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. அடங்கியதே என்று பதறி ஓடினாள். நான்கும் மடியில் வாய் வைத்தபடி தூங்கியிருந்தன. ஒன்றின் கடைவாயில் பால் வழிந்திருந்தது.

அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. குட்டிக்காக அழுதாளா, சாக்குத் திரைக்குள் கிடந்த அந்தப் பெண்ணுக்காக அழுதாளா, அவளுக்கே தெரியாது. தண்ணீர்தான் காரணமோ, அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன நோவோ, அதை இனி யார் சொல்ல முடியும்? செல்லத்தாய்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கொப்பளித்த கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலத்தான் இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது. ஆரிபாவின் பிள்ளை. பகலெல்லாமே அழுதுகொண்டிருந்திருக்கிறது, நாய்க்குட்டிகளின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

ஏசம்மாள் சொம்பில் தண்ணீரை மொண்டு முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். மைமூன் வாசல் நிலையிலேயே மறித்தாள்.

"சொம்புல என்னது ஏசம்மா?"

"தண்ணி."

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ள பெத்த உடம்புக்குப் பச்சத் தண்ணியா? பால் பத்தாம நானே அல்லாவ வேண்டிக்கிட்டுக் கெடக்கேன்."

"எனக்கு யாரும் குடுக்கல மைமூன்" என்றாள் ஏசம்மாள். "நான் கேட்டேன். குடுக்கல. எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போனப்ப நீயும் தெருமுனை வரைக்கும் வந்தியே."

மைமூன் அவளையே பார்த்தாள். பிறகு தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலையோரம் ஒதுங்கினாள்.

உள்ளே ஆரிபா பிள்ளையை மார்பில் போட்டபடி கண்ணை மூடிக் கிடந்தாள். சொம்பு உதட்டில் பட்டதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை ஏசம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். சொம்பு காலியானது.

"பெரியம்மா," என்றாள் ஆரிபா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் தருவீங்களா?"

ஏசம்மாள் திரும்பினாள். மைமூன் ஏற்கெனவே தன் வீட்டுக் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.