செவலையின் வாய்

மாதையன் கடப்பாரையோடு வந்தபோது செல்வமேரி நாய்களுக்குக் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் தெருக்காரர்கள் நாலைந்து பேர். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாயி எங்க?" என்றான்.

எந்த நாய் என்று அவள் கேட்கவில்லை. சில நாள்களுக்கு முன் அவன் மகள் பாவாயி இந்தக் கொட்டகையின் மூங்கில் படலுக்குள் கையை விட்டு ஒரு குட்டியைத் தொடப் போக, பக்கத்தில் படுத்திருந்த செவலை நாய் அவள் முழங்கையைப் பல் பதியக் கவ்விவிட்டது. பிள்ளையைச் சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, தொப்புளைச் சுற்றி தினமும் ஊசி போட்டுவந்தார்கள்.

"நேத்து வரைக்கும் நடந்த புள்ள. காலையில எந்திரிக்கச் சொன்னா ரெண்டு காலும் துணி மாதிரி கெடக்குது. ஒன் நாயோட வெசம் கால்ல எறங்கிருச்சு."

செல்வமேரிக்குக் கூழ்ப்பானையில் கை நின்றுவிட்டது.

ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணம் தாண்டி, பாழாய்ப்போன செங்கல் சூளையின் கொட்டகை அது. அவள் புருசன் மிக்கேல் லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் வீடு தங்காதவன். ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாயைத் தூக்கிவந்து அங்கே இறக்கினான். அது பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு அடிபட்டதும் சொறி பிடித்ததுமாக எந்த நாயைக் கண்டாலும் ஜனங்கள் அவளிடம் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். விட்டவர்கள் சும்மாவும் போய்விடவில்லை. படலோரம் இருந்த பானையில் தெருப் பெண்கள் காலையில் நீராகாரமும் மிச்சச் சோறும் ஊற்றினார்கள். கறிக்கடை ராசப்பன் எலும்பும் குடலும் கொடுத்தனுப்பினான். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வெங்கடாசலம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து புண்ணில் புழு எடுத்து மருந்து வைத்தார். பாவாயியைக் கடித்த மறுநாளிலிருந்து பானை காலியாகவே கிடந்தது.

செவலை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வரும்போதே ஒரு காது கிழிந்திருந்தது. எது கடித்துக் கிழித்தது என்று யாருக்கும் தெரியாது. "வெறியெல்லாம் இல்லை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்ன செல்வமேரி, தினமும் விடிந்ததும் முதல் வேலையாக, எச்சில் வடிகிறதா என்று அதன் வாயைத்தான் எட்டிப் பார்த்தாள்.

சங்கிலி போட்டுச் செவலையைக் கட்டிவைத்திருந்த அறையின் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணா, இப்பக் கொன்னுட்டா வெறி இருந்துதா இல்லையான்னு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்றது? நவுரு."

தோளைப் பிடித்துத் தள்ளினான். உள்ளே சங்கிலி குலுங்கியது. அவன் கடப்பாரையை ஓங்கியபோதுதான் ரோட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் மனைவி அங்காளம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, முந்தானை மண்ணில் புரள ஓடிவந்தாள்.

"அடிக்காதீங்க! நாயி உசுரோட இருக்குதான்னு டாக்டரு கேக்கறாருங்க!"

மூச்சு வாங்க அவள் சொன்னது இதுதான். கால் விழுந்தது நாயின் விஷத்தால் இல்லை, ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகுமாம். இனி ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் நன்றாக இருந்துவிட்டால் பிள்ளைக்கு வெறிநோய் வராது.

"நடுவுல நாயி செத்துட்டா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

அங்காளம்மாள் புருசன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக் கீழே போட்டாள். "எந்தங்கச்சி மட்டுந்தான் அங்க இருக்குறா. நீங்க போயிப் புள்ளகிட்ட இருங்க. இங்க இருந்தா ஒங்க கை சும்மா இருக்காது. நாயிக்கு நான் காவலிருக்கறேன்."

அன்றிலிருந்து அவள் அந்த அறைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். செல்வமேரி மற்ற நாய்களுக்குத் தீனி தேடி வீடு வீடாக அலைந்தாள். கதவைத் திறந்தவர்களும் அங்காளம்மாளைப் பற்றி விசாரித்தார்களே தவிர, சோறு போடவில்லை. திரும்பி வரும்போது அங்காளம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருப்பாள். தட்டை ஒரு குச்சியால் நாயிடம் தள்ளிவிட்டு, அது நக்கி முடிக்கும் வரை கண்ணெடுக்காமல் பார்ப்பாள். அது தூங்கினால் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள்.

"இதக் கண்டாலே வயிறு எரியுதுக்கா," என்றாள் ஒரு மத்தியானம். "ஆனா இது ஒரு வாய் திங்கலைன்னா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

நாய் தெம்பாக இருக்கட்டும் என்று அவளே ராசப்பனிடம் போய் நின்றாள். அவளிடம் இல்லையென்று சொல்ல அவனால் முடியவில்லை. ஒரு பொட்டலம் எலும்பு கொடுத்தான். அதைச் செவலை ஆசையாகக் கடித்தது.

மறுநாள் காலையில் அது தட்டின் பக்கம் வரவில்லை. மூலையில் முகத்தைச் சுவரோடு வைத்து நின்றது. கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் நூல்நூலாக வடிந்தது. தண்ணீரில் வாயை வைத்து, விழுங்க முடியாமல் தலையை உதறிப் பின்வாங்கியது.

அங்காளம்மாள் அழவில்லை. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வமேரி வெங்கடாசலத்தைத் தேடி ஓடினாள். அவர் வந்து வாசலில் நின்றபடியே வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு சிக்குனாலும் இப்பிடித்தான் இருக்கும். வெறி முத்துனாலும் இப்பிடித்தான் இருக்கும். வாய்க்குள்ள கைய விட்டாத்தான் தெரியும்," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "நான் விட மாட்டேன்மா. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

"எலும்பப் போட்டது நானு. நான் விடறேன்," என்று அங்காளம்மாள் எழுந்தாள்.

"ஒனக்கு ஆஸ்பத்திரியில புள்ள கெடக்குது. தள்ளு," என்றாள் செல்வமேரி.

மிக்கேலின் காக்கிச் சட்டையை முழங்கை வரை சுற்றிக்கொண்டாள். விரல்களை மட்டும் சுற்ற முடியவில்லை. வெங்கடாசலம் ஜன்னல் வழியாகச் சங்கிலியை வெளியே இழுத்து நாயின் தலையைச் சுவரோடு நிறுத்தினார். அங்காளம்மாள் ஒரு விறகுக் கட்டையை அதன் கடைவாய்களுக்கு நடுவே குறுக்காகக் கொடுத்துப் பிடித்தாள். கட்டை பல்லில் பட்டுக் கடகடத்தது. செல்வமேரி கையை விட்டாள். உள்ளே அனலாக இருந்தது. நாக்கு வழுக்கியது. அண்ணத்தில் எதுவும் இல்லை. இன்னும் உள்ளே விட்டாள். நாய் முனகியது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று துழாவிக்கொண்டே போன விரல் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கல் மாதிரி ஒன்றில் இடித்தது. நெம்பினாள். நாய் துள்ளியது, கட்டை நழுவியது, பல் அவள் கட்டைவிரலைக் கீறிக்கொண்டு போனது. வெளியே வந்த கையில், ரத்தத்தோடு ஒரு விரலளவு எலும்புத் துண்டு இருந்தது.

மூன்று பேரும் தண்ணீர்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செவலை தாடையை அசைத்துப் பார்த்தது. நாக்கைச் சுழற்றியது. தயங்கித் தயங்கி வந்து குடிக்க ஆரம்பித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அங்காளம்மாள் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

வெங்கடாசலம் செல்வமேரியின் கையில் சோப்பைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். "ஊசி போட்டுக்கறது நல்லதும்மா," என்றவர், அங்காளம்மாளைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். டாக்டர் சொன்ன பத்து நாள் கெடு முடிய இன்னும் சில நாள் மீதமிருந்தது. அந்த நாள்களில் இரண்டு பெண்களும் சேர்ந்தே அந்த அறையின் எதிரே உட்கார்ந்தார்கள். நாய் தட்டை நக்கும் சத்தம் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கெடு முடிந்தது. செவலை சாகவில்லை. அதற்கு மறுவாரம், பாவாயியை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் திரும்புமா என்று கேட்டதற்கு, போகப் போகப் பார்க்கலாம் என்றார்கள்.

மாதையன் மூட்டையோடு முன்னால் போனான். அங்காளம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் வைத்துத் தூக்குகிற வயதைத் தாண்டிய பிள்ளை. மெலிந்த இரண்டு கால்களும் தாயின் முழங்கால் வரை தொங்கி, நடைக்கு நடை ஆடின. படலருகே வந்ததும் அங்காளம்மாள் நின்றாள். உள்ளேயிருந்த செவலை அவளைக் கண்டு வாலை ஆட்டியபடி ஓடிவந்து, படலில் முன்னங்கால்களைப் போட்டுக் குரைத்தது. பாவாயி வீறிட்டு, தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அங்காளம்மாள் பேச வாயெடுத்தவள் குனிந்து மகளின் காலைப் பார்த்தாள். படலுக்கு அந்தப் பக்கம் நின்ற செல்வமேரியும் பார்த்தாள். பிள்ளையின் வலது காலின் விரல்கள் மெல்லச் சுருங்கி, தாயின் சேலை மடிப்பை இறுகப் பற்றியிருந்தன.