மிளகு ரோட்டைக் கடந்த வருஷம்

பாஸ்டர் அருள்பாண்டி மைக்கில் பைபிளின் நியாயப்பிரமாணச் சட்டத்தை முழங்கிய மறுநாள் காலையில், போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களின் மிளகுக் கொடிகள் எல்லாம் மரத்தை விட்டு இறங்கி, வரிசையாக ரோட்டைக் கடந்து போயின. வேலையாட்களை ஏற்றி வந்த ஜீப்புகள் அவை போய் முடியும்வரை ஹாரன் அடிக்காமல் நின்றன. ஒரே நிலத்தில் இரண்டு வகை விதை கூடாது என்பது சட்டம். ஏலச் செடிகளுக்கு நடுவே நிழல்மரத்தில் ஏறி நிற்பது பாவம் என்று கொடிகளுக்கு உறைத்துவிட்டது. அதே வசனம் இரண்டு வகை நூல் கலந்த துணியையும் தடுப்பதால், கூட்டத்தில் இருந்த ஆண்களின் டெரிகாட்டன் சட்டைகள் முந்தின நாளே பருத்தி ஒரு பக்கம், பாலியெஸ்டர் ஒரு பக்கமாகப் பிரிந்து விழுந்திருந்தன. பாஸ்டரின் கோட்டு சுத்த பாலியெஸ்டர், அதனால் தப்பியது. அதை அவர் தன் பரிசுத்தத்துக்கு அடையாளம் என்றார். வெறும் மார்போடு உட்கார்ந்திருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.

ரோட்டுக்கு எதிர்ச்சரிவில் பாஸ்டருக்கு ஒரு தோட்டம் இருந்தது. ஊழியத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்தது. அதில் மிளகு மட்டும்தான். ஏலத்துக்கு வேறொரு மலையைத் தனியாக வைத்திருந்தார். ஒரே வகைப் பயிர் நிற்கிற நிலம் சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லாததால், ஊர்க் கொடிகள் மொத்தமும் அங்கேயே போய் ஏறிக்கொண்டன. அடுத்த காய் எடுப்புக்குள் கர்த்தர் மேகத்தில் வந்துவிடுவார், உலகம் முடிந்தது என்று ஒவ்வொரு காய் எடுப்புக்கும் சொல்லி வந்த மனிதர், வந்த மிளகுக்கு அன்றைக்கே வேலி போட்டார். ஊன்றியது கருங்கல் கால்கள். நாளைக்கு முடியப்போகிற உலகத்துக்கு எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

பொன்னுமணிக்குத்தான் இது பொறுக்கவில்லை, ஏனென்றால் அந்த வசனத்தை வாசித்தவளே அவள்தான். அருள்பாண்டி தானாகப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற வழக்கமில்லை. முன்வரிசைச் சகோதரி ஒருத்தி துண்டு துண்டாக வாசிப்பாள். அவர் கண்ணை மூடி, அதை வாங்கி மைக்கில் முழங்குவார். அப்படி அவர் முழங்கியதெல்லாம் நடந்தது. பொன்னுமணி ராசிங்காபுரத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு வாழ்க்கைப்பட்டு மலையேறியவள். புகுந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தால் சோலியப் பாரு என்பார்கள். சபையில்தான் அவள் குரலுக்கு ஆட்கள் காதுகொடுத்தார்கள். அந்த ஆசையில்தான் அவள் விசுவாசத்துக்கே வந்தாள். இப்போது தன் வாயாலேயே தன் மிளகை அனுப்பிவைத்துவிட்டாள். அந்த வருஷ மழையில் ஏலமும் அழுகிப்போகவே, தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான் என்று அவள் புருஷன் ராக்கையா முடிவு கட்டினான். ஆத்திரமும் அவமானமுமாக அவள் பாஸ்டரிடம் போனாள்.

"கர்த்தரோட வருகை வாசல்ல நிக்கிது சிஸ்டர். இந்த நேரத்துல மிளகைப் பத்தியா கவலைப்படுறது?" என்றார் அவர்.

"வாசல்ல நிக்கிதுன்னா ஒங்களுக்கு எதுக்குப் பாஸ்டர் மிளகு? அதே அதிகாரத்துல, நிலத்தோட ஓரத்தை ஏழைக்கு விடச் சொல்லியிருக்கே, அதையும் ஒருநா சொல்லலாமில்ல?"

"அது அந்தக் காலத்து யூதருக்குச் சொன்னது."

அப்படியானால் மிளகை விரட்டிய வசனம் யாருக்குச் சொன்னது என்று அவள் கேட்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. வேதத்தின்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. வேண்டாத வசனங்களைத் தாண்டித் தாண்டிப் போகிறவர்மேல்தான் அத்தனை கோபமும். வீட்டுக்கு வந்தால் ராக்கையா வேறு, "நீ வாசிச்சுத்தான போச்சு? நீயே வாசிச்சுக் கொண்டா" என்று குத்திக்காட்டினான். அவன் கேலியாகத்தான் சொன்னான்.

கீழ்ச்சரிவுகளில் இன்னும் சட்டம் கேட்டிராத மிளகு மிச்சமிருந்தது. அதையும் இரட்சிப்பதற்காக அருள்பாண்டி ராசிங்காபுரத்தில் கடைசிக்காலப் பெருவிழா நடத்தினார். ஸ்பீக்கர்கள் எல்லாம் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நின்றன. வாசிக்க வழக்கம்போலப் பொன்னுமணிதான் நின்றாள். இரண்டு வகை விதை கூடாது என்கிற பத்தொன்பதாம் வசனத்தை அவர் கேட்டார். அவள் ஒன்பதாம் வசனத்துக்குப் போனாள்.

"நிலத்தோட ஓரத்தை முழுக்க அறுக்காதே."

"அறுக்காதே!" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார்.

"சிந்துனதைப் பொறுக்காதே."

"பொறுக்காதே!"

"ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுரு."

"விட்டுரு! அல்லேலூயா!" என்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார். அதற்குள் மலை கேட்டுவிட்டது.

மறுநாள் அவருடைய ஆட்கள் வேலியோரத்துக் கொடியில் கைவைத்தார்கள். சரங்கள் இரும்புக் கம்பி மாதிரி அசையாமல் நின்றன. பொன்னுமணி வந்தபோது கருங்கல் கால்கள் விலகி வழிவிட்டன. கை நீட்டியதுமே சரம் உள்ளங்கையில் விழுந்தது. ஓரம் என்றால் எத்தனை அடி என்று சட்டத்தில் இல்லை. ஒரு வரிசையை ஏழைகள் எடுத்து முடித்ததும் அடுத்த வரிசை ஓரமாயிற்று. மறு வருஷம் சரிவில் பாதி ஓரம். அதற்கடுத்து அவருடைய இரண்டு மலையும் நடுவே இல்லாமல் முழுக்க ஓரமாகிவிட்டன. போடிக் கடைகளில் அதை ஓரத்து மிளகு, ஓரத்து ஏலம் என்று தனியாக எடைபோட்டார்கள். சாதாச் சரக்கைவிட விலை கொஞ்சம் கூட. ராக்கையா தோட்டத்தை விற்கும் பேச்சையே எடுப்பதில்லை. அருள்பாண்டி தானே மைக் பிடித்து வாசித்துப் பார்த்தார், ஒரு இலைகூடத் திரும்பவில்லை. ஏழைக்கு விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று ஒரு வசனம் தேடினார். அப்படி ஒன்று எழுதப்படவில்லை.

வசனம் பலிக்காத பாஸ்டரிடம் உலக முடிவைக் கேட்க யாரும் வரவில்லை, காணிக்கை நின்றது. சபை கலைந்தது. வீடு போயிற்று, ஜீப்பு போயிற்று. ஒருநாள் பழைய சாக்கு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன்னுடையதாக இருந்த சரிவுக்கே அவர் காய் எடுக்க வந்தார். எத்தனையோ நாள் அவர் ஆட்களின் கைக்கு அசையாத கொடி அன்றைக்குத் தயங்கவில்லை. முதல் சரம் தானாகவே வந்து விழுந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். பொன்னுமணிக்கு இரக்கம் வரவில்லை. வரிசையில் அவருக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.

"ஏழைன்னு கொடியே ஒத்துக்கிருச்சு, இன்னும் என்ன அழுகை? வெரசாப் பறிங்க பாஸ்டர், மழை வருது."